தோட்டத்து வைத்தியசாலையும் தொழிலாளியின் இரகசியமும்

ஒரு மனிதனுடைய நோய் யாருக்குச் சொந்தம்? கேட்பதற்கு இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். வீடு சொந்தம், நிலம் சொந்தம், நகை சொந்தம் என்று வழக்காடுவோரை நாம் கண்டிருக்கின்றோம். நோய் சொந்தம் என்று வழக்காடியவரை யார் கண்டார்? நோயைச் சுமப்பவன் அதனை விட்டொழிக்க விரும்புவானேயன்றி, அதற்கு உரிமை கொண்டாடுவானோ என்று சிலர் நகைக்கவுங் கூடும். எனினும், நோய் வேறு, நோயைப் பற்றிய செய்தி வேறு. இன்னாருக்குச் சயரோகம், இன்னாருக்கு மேகவியாதி, இன்னார் மகள் கர்ப்பம், இன்னார் மகனுக்குச் சித்தம் கலங்கியிருக்கின்றது என்னும் செய்தி ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குப் போகுமானால், அதனால் வேலை போகும், இருக்கும் வீடு போகும், நிச்சயித்த விவாகம் நின்று போகும், மானமும் போகும். ஆகவே அச்செய்தியை வைத்திருப்பவன் கையில் ஓர் அதிகாரம் இருக்கின்றது. அவ்வதிகாரம் நம் தோட்டங்களில் யார் கையில் இருந்து வந்திருக்கின்றது, இன்று யார் கையில் இருக்கின்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் உள்ள அம்மலைநாட்டை 1885-ஆம் ஆண்டில் வில்லியம் காமரன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அதன்பின் நெடுங்காலம் அது காடாகவே கிடந்தது. 1920-களிலேதான் அதனைக் குளிர்வாசத் தலமாக்க அரசாங்கத்தார் முனைந்தனர். தாப்பாவிலிருந்து மலைமீது பாதை ஏறிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைகொண்டு, போ தோட்டத்தை நிறுவினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. புளூ வேலி முதலிய தோட்டங்களும் எழுந்தன. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்னும் ஊர்கள் அப்பாதையோரத்தில் வளர்ந்தன. சரிவுகளைத் துப்புரவாக்கிச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். துரைமக்களுக்கு அம்மலை குளிர்வாசமாயிருந்தது; நம்மவர்களுக்கு வெறுங் குளிராயிருந்தது.

நாம் இங்கே சொல்லப்போவது எந்த ஒரு தோட்டத்தின் மீதும் சாட்டும் குற்றமன்று. மலாயாத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாயிருந்த ஒரு முறையைப் பற்றியதேயாம். கேமரன் மலை அம்முறை ஏறிச் சென்ற உயரமான இடங்களில் ஒன்று.

அம்முறை தோட்டத்திலே தொடங்கவில்லை. கடலுக்கு அக்கரையிலேயே தொடங்கிற்று. மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் சென்னையை அடுத்த ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களிற் சேர்க்கப்பட்டனர். அங்கே அவர்களைப் பரீட்சை செய்து, அம்மை குத்திக் கப்பலேற்றினார்கள். இக்கரை சேர்ந்ததும் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும், போர்ட் சுவெட்டன்ஹாமிலும் ஒதுக்கிடங்களில் வைத்து மறுபடியும் பார்த்தார்கள். தொற்றுநோய் பரவாமல் தடுக்க இவை வேண்டியவையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பரீட்சையின் தன்மை யாது? மருத்துவனிடம் மனிதன் தானே சென்று, "எனக்கு இன்னது நோகின்றது" என்று சொல்லும் சந்திப்பு அன்று அது. மந்தையில் நிறுத்தி வேலைக்கு ஆகும், ஆகாது என்று பிரிக்கும் காரியம் அது. தன் உடலைப் பற்றிக் கண்டறியப்பட்டது என்ன என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கமன்று. தோட்டத்தார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்திய அரசாங்கம் 1938-இல் உதவிபெற்றுச் செல்லும் கூலிகளின் குடியேற்றத்தைத் தடுக்கும் வரையில், நம் பாட்டன் பாட்டிமார் இவ்வாயிலின் வழியாகவே இந்நாட்டினுள் புகுந்தனர்.

தோட்டத்தை அடைந்தபின் நடந்தது யாது? தொழிலாளர்க்கு வைத்தியசாலையும் மருந்தும் தோட்டத்தாரே அளிக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பும், 1923-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் கூட்டு மலாய் நாடுகளில் விதித்தன. காட்டுச் சுரத்தால் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு இது சிறிய நன்மையன்று. டாக்டர் என்பவர் எப்போதோ ஒருநாள் வந்து போவார். நாள்தோறும் இருந்து புண்ணுக்குக் கட்டுக் கட்டியவரும், கொயினா கொடுத்தவரும், பிள்ளைப்பேற்றுக்கு ஓடி வந்தவரும் டிரசரே. இரவில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்து வந்த நல்ல டிரசர்கள் பலர் இருந்தனர். நாவடக்கத்தால் குடும்பங்களைக் காத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களை நாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

ஆயினும், அவ்வைத்தியசாலை யாருடையது என்று பாருங்கள். கட்டடம் தோட்டத்துடையது. மருந்து தோட்டத்துடையது. டிரசருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். நோயாளியின் பெயரையும் நோயையும் எழுதும் புத்தகமும் தோட்டத்துடையதே. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்பொழுது ஒருவன் இல்லையென்றால், அவன் நோயாளியா, சோம்பேறியா என்று தீர்மானிக்க வேண்டியவர் டிரசர். அவர் "சிக்" என்றால் அன்றைக்கு ஒரு கணக்கு. இல்லையென்றால் வேறொரு கணக்கு. இவ்வாறு ஒரே மனிதர் நோயாளிக்கு வைத்தியராகவும், துரைக்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டியதாயிற்று. காலையில் தம்மிடம் வயிற்றைத் திறந்து காட்டியவளைப் பற்றிப் பத்து மணிக்கு ஆபீசில் பதில் சொல்ல வேண்டும். இதில் டிரசரின் குணத்தைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டு எசமானர்களுக்கு ஒருவரை வேலைக்கு வைத்தால், சம்பளம் கொடுக்கும் எசமானுக்கே வாய் திறக்கும். குற்றம் ஏற்பாட்டினுடையது.

செய்தி சென்ற வழியையும் கவனியுங்கள். டிரசரிடமிருந்து கிராணிக்கு, கிராணியிடமிருந்து துரைக்கு, துரையிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து லயத்துக்கு. லயமோ ஒரு வீட்டின் சுவரே மறுவீட்டின் சுவராயிருப்பது. அங்கே இருமல் கேட்டாலே பேச்சு எழும். பெயரோடு நோயும் வந்து சேர்ந்தால் கேட்பானேன்? கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் தன் சாதியாரையுமே அழைத்து வந்தவன். ஆகவே மலைமேல் சொன்ன சொல் கடல் கடந்து கிராமத்துக்கும் போய்ச் சேரும். இன்ன வீட்டில் இன்ன வியாதி என்று ஒருமுறை ஏறிவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு எவரும் வாரார். தோட்டத்திலே கூலி குறைந்ததைப் பற்றி முறையிட ஓர் அதிகாரி இருந்தார். மானம் குறைந்ததைப் பற்றி முறையிட எவரும் இருந்ததில்லை.

பெண்களின் நிலைமையை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்களே வைத்தியராயிருந்த இடத்தில், கதவு திறந்திருக்க, வாசலில் பத்துப்பேர் காத்திருக்க, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பமுற்றவள் அதனை முதலில் தன் தாயிடம் சொல்வாளா, கணவனிடம் சொல்வாளா என்பது அவள் விருப்பமாயிருக்க வேண்டும். தோட்டத்திலோ, இன்னும் எத்தனை மாதத்துக்கு அவள் கூடை சுமப்பாள் என்னும் கணக்காக அது ஆபீசுக்குப் போயிற்று. சொல்ல வெட்கி நோயை மறைத்து, மறைத்த நோயால் மாண்டவர் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கில்லை. மறைத்தவர் புத்தகத்தில் ஏறுவதில்லையன்றோ!

வைத்தியன் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாத புதுமையா என்று கேட்கலாம். அன்று. கிரேக்க நாட்டு ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் பழைய பிரமாணத்தில், வைத்தியத்தின் பொருட்டுக் கண்டதையும் கேட்டதையும் வெளியிடலாகாது என்னும் விதி இருக்கின்றது. நம் நாட்டுச் சரக சம்ஹிதையிலும், வைத்தியம் பயில வரும் மாணவன், நோயாளியின் வீட்டினுள் கண்ட நடப்புகளை வெளியே பேசலாகாது என்று கட்டளையிடப்படுகின்றான். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு உறுப்புகளாக வகுக்குமிடத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். வைத்தியனை அவனுக்குப் பின்னர்தான் வைத்தார். மருந்துக்குப் பணம் கொடுப்பவனுக்கு அந்நான்கில் இடமே இல்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலேயருக்கும் இது தெரியாததன்று. 1776-இல் கிங்ஸ்டன் சீமாட்டியின் மீது நடந்த பெயர்பெற்ற வழக்கில், அவளுக்கு வைத்தியம் செய்த சீசர் ஹாக்கின்ஸ் என்பவர், தொழில்முறையில் அறிந்ததைச் சொல்லலாமா என்று தயங்கினார். நீதிமன்றம் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்று மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்புக் கூறினார். ஆனால் வைத்தியர் தாமாக வலியச் சென்று வெளியிடுவாராயின் அது மானக்கேடான துரோகமாகும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். அதற்குப் பின் 1803-இல் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் தாமஸ் பெர்சிவல் வைத்திய ஒழுக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் எழுதியது சீமான்களின் படுக்கையறையை மட்டும் நினைத்தன்று. ஏழைகள் கிடக்கும் தரும வைத்தியசாலையை நினைத்து. பல கட்டில்கள் உள்ள பெரிய அறையில் நோயாளியை விசாரிக்கும்பொழுது, அடுத்தவர் காதில் விழாத குரலில் விசாரிக்க வேண்டும் என்றும், பெண்களிடம் மிகுந்த மரியாதையோடு நடக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இவ்வளவும் அறிந்த நாட்டார் தேயிலை மலைக்கு வரும்பொழுது, செடியின் வித்தையைக் கொண்டு வந்தனர். இயந்திரத்தைக் கொண்டு வந்தனர். கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்தனர். தாழ்ந்த குரலை மட்டும் கொண்டுவரவில்லை. கூலிக்கு இரகசியம் ஏது என்பதே அதன் காரணம். இரகசியம் உடையவன் ஒரு நபர். பெரட்டில் நிற்பவனோ ஓர் எண்.

நிற்க. இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பலர் நெருங்கி வாழும் இடத்தில் நோயை மூடி வைத்தால் ஊரே அழியாதா, பொதுநன்மைக்காக ஒருவர் மானம் போனால் என்ன என்பர். இதற்குத் தோட்டத்துச் சரித்திரமே விடை தருகின்றது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியச் செய்து மலேரியாவை அடக்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கின்றது என்று எண்ணி, எந்த நிலத்தில் எந்தக் கொசு வளர்கின்றது என்று ஒப்பிட்டு, அவர் தம் முடிவுகளைக் கண்டார். அவற்றை 1911-இல் நூலாகவும் வெளியிட்டார். அப்பெருங்காரியத்துக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கையே. முனியாண்டி என்றும் மாரியாயி என்றும் பெயரைப் பறையறைவதால் ஒரு கொசுவும் சாகவில்லை. பொதுநன்மை பெரும்பாலும் எண்ணிக்கையைக் கேட்கின்றது. வம்புதான் பெயரைக் கேட்கின்றது.

பெயரே வேண்டியிருக்கும் சமயங்களும் உண்டு. மலேசியாவில் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், குறிப்பிட்ட வியாதிகளைக் கண்ட வைத்தியர் அதனைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கின்றது. அது நியாயமே. ஆனால் அச்சட்டம் அறிவிக்கச் சொல்வது சுகாதார அதிகாரிக்கு, கங்காணிக்கன்று, லயத்துக்கன்று. சொல்ல வேண்டியவரிடம் சொல்வது கடமை. சொல்ல வேண்டாதவரிடம் சொல்வது துரோகம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதனாலேயே அநேக கேடுகள் விளைந்தன.

குஷ்டரோகத்தின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. 1930-இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ குஷ்டரோகக் குடியிருப்புத் திறக்கப்பட்டது. வீடுகளும் தோட்டங்களும் கொண்ட அவ்வேற்பாடு அக்காலத்துக்கு மேலானது என்று பாராட்டப்பட்டதும் உண்மையே. ஆயினும், நோய் வெளிப்பட்டவரைச் சட்டத்தின் வலியால் பிரித்துக் கொண்டுபோகும் வழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. தாயையும் பிள்ளையையும் அது பிரித்தது. விளைவு என்ன? வெளிப்பட்டால் பிரிவு என்று அறிந்தவன் நோயை ஒளிப்பான். ஒளித்த நோய் முற்றும்; முற்றிய நோய் பரவும். ஆகவே, இரகசியத்தைக் காப்பது பொதுநன்மைக்குப் பகையன்று, அதன் முதற்படியேயாம். சொன்னால் வெளியே போகாது என்னும் நம்பிக்கை உள்ள இடத்துக்கே நோயாளி வந்து சேருவான்.

உலகப் போரில் வைத்தியர்களே மனிதரைச் சித்திரவதை செய்த கொடுமையைக் கண்டபின், உலக வைத்தியர் சங்கம் 1948-இல் ஜெனீவாவில் ஒரு பிரமாணத்தை ஏற்படுத்தியது. நோயாளி நம்பிச் சொன்ன இரகசியத்தைக் காத்தல் அதில் ஒரு கூறு. நோயாளி இறந்த பின்னும் அது காக்கப்பட வேண்டும் என்பது பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அதே 1948-இல்தான் மலாயாவில் அவசரகாலச் சட்டம் பிறந்தது. தோட்டத்து மக்களின் சோறும் நடையும் பேச்சும் கண்காணிக்கப்பட்ட காலத்தில், அவர்களுடைய நோயின் இரகசியத்தை யார் நினைக்கப் போகின்றார்?

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நோய் விடுப்பை உரிமையாக்கியது. வேலைக்காலத்தின் அளவுக்கேற்ப ஆண்டுக்கு 14 நாள், 18 நாள், 22 நாள் என்று வகுத்தது. 1965-இல் தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் ஏற்பட்டு, டிரசரின் தொழிலுக்குத் தகுதியும் ஒழுங்கும் விதிக்கப்பட்டன. இவை யாவும் வரவேற்கத்தக்கன. ஆயினும், விடுப்புக்கு வேண்டிய சான்றைத் தருபவர் முதலாளி நியமித்த வைத்தியராக இருக்க வேண்டும் என்னும் பழைய நிழல் தொடர்ந்தது. முதலாளிக்குத் தெரிய வேண்டியது, இத்தொழிலாளி இத்தனை நாளைக்கு வேலை செய்ய இயலாது என்பது மட்டுமே. அதற்கு என்ன காரணம் என்பது அவர் அறிய வேண்டுவதன்று. சான்றுச் சீட்டில் நாளை எழுதலாம். நோயை எழுதத் தேவையில்லை. இவ்வளவு எளிய வேறுபாட்டை நம்மவரும் உணராமல், சீட்டைக் கிராணியின் மேசையில் விரித்துப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நிற்பதே வழக்கமாயிற்று.

நீதிமன்றங்களும் மெல்ல விழித்தன. அறுவைச் சிகிச்சையின்போது ஒரு பெண்ணின் மறைவான உறுப்பை அவள் சம்மதமின்றிப் படம் எடுத்தது அவள் அந்தரங்க உரிமையை மீறிய செயல் என்று பினாங்கு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அது பதிவாகியது. மயங்கிக் கிடக்கும் உடலுக்கும் மானம் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தாய்நாட்டில் நடந்த ஒரு வழக்கையும் நம்மவர் அறிய வேண்டும். சென்னையில் ஒரு வைத்தியசாலையில், உறவினருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அச்செய்தி வெளியே சென்றது. நிச்சயிக்கப்பட்டிருந்த விவாகம் நின்றது. அவர் வைத்தியசாலையின் மீது வழக்குத் தொடுத்தார். 1998-இல் இந்திய உச்சநீதிமன்றம், இரகசியம் காத்தல் வைத்தியரின் கடமையே, ஆனால் மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்கும் பொருட்டு அது விட்டுக்கொடுக்கும் என்று கூறி அவர் வழக்கைத் தள்ளியது. அத்தோடு நில்லாமல், அத்தகையோரின் விவாக உரிமையைப் பற்றியும் சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டது. அவ்வார்த்தைகள் வேண்டாதவை என்று அதே நீதிமன்றம் 2002-இல் ஒதுக்கிற்று. முடிவில் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், நோயாளியின் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடலாகாது என்று விதித்து, விலக்குகளையும் வரையறுத்தது. இரகசியம் எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கடினமான கேள்விதான். அதனை நீதிமன்றமும் சட்டமும் இருபது ஆண்டுகள் நின்று யோசிக்கின்றன. தோட்டத்திலோ, ஒரு வாசற்படியில் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று.

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. உடல்நலம், மனநலம் பற்றிய செய்திகளை அது நுண்ணிய தரவு என்று தனியே பிரித்து, உரியவரின் வெளிப்படையான சம்மதத்தைக் கோரியது. 2024-இல் அது திருத்தப்பட்டுத் தண்டனையும் கூட்டப்பட்டது. தனியார் வைத்தியசாலையும் தோட்டக் கம்பெனியும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆனால் மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் இது கட்டுப்படுத்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு விலக்களித்தது. அவ்விலக்கைத் திருத்தமும் நீக்கவில்லை. தானா ராத்தா அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழையின் இரகசியம் வைத்தியரின் ஒழுக்க விதியையும் உத்தியோக விதியையும் நம்பியே இருக்கின்றது. பணம் கொடுத்துப் போகும் தனியார் இடத்தில் இச்சட்டமும் கூடக் காவல் நிற்கின்றது. பணமுள்ளவனுக்கு இரண்டு பூட்டு, இல்லாதவனுக்கு ஒரு பூட்டு என்பது நியாயமாகுமா?

இது வீண் அச்சமன்று. நோய்த்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட மைசெஜாத்ரா என்னும் அரசாங்கச் செயலியிலிருந்து, தடுப்பூசி பெற்ற சுமார் 30 இலட்சம் பேருடைய விவரங்கள் ஒரு மேலதிகாரக் கணக்கின் வழியாக இறக்கப்பட்டன என்று 2023-இல் வெளியான தேசியக் கணக்காய்வு அறிக்கை எடுத்துக்காட்டியது. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 2019-இல் எச்.ஐ.வி. உள்ள 14,200 பேருடைய விவரங்கள் வெளியே கசிந்தன. அவர்களுள் 8,800 பேர் வெளிநாட்டார். முன்பு லயத்தின் எல்லை வரையில் சென்ற வம்பு, இப்போது விரல் அசைந்தால் உலகத்தைச் சுற்றுகின்றது.

இப்போது மலைக்குத் திரும்புவோம். இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து எடுப்போருள் நம் பிள்ளைகள் சிலரே. பங்களாதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். நம் பாட்டனார் ஆவடியில் நின்ற வரிசையில் இன்று நிற்பவர்கள் அவர்களே. 1997 முதல் தீபகற்ப மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளரின் வைத்தியப் பரீட்சையை ஃபொமேமா என்னும் நிறுவனம் நடத்தி வருகின்றது. சயரோகம், எச்.ஐ.வி. முதலியவை காணப்பட்டாலும், பெண் கர்ப்பமுற்றிருந்தாலும், தகுதியில்லை என்று முத்திரை விழும்; ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முடிவு குடிநுழைவு இலாகாவுக்கும் முதலாளிக்கும் போகின்றது. நாட்டின் சுகாதாரத்தைக் காக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் கர்ப்பம் தொற்றுநோயா? சிகிச்சையால் குணமாகும் சயரோகத்தைக் கண்டதும் வெளியேற்றுவது நோயை ஒழிப்பதா, ஒளிப்பதா? அத்தொழிலாளி தன் நோயைத் தெரிந்துகொள்வதற்கு முன் தன் வேலை போனதைத் தெரிந்துகொள்வானாயின், ஆவடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கணினி ஒன்றுதானே!

நம்மவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கின்றது. அந்நியன் வெளியிட்டால் அநீதி, நாம் வெளியிட்டால் அனுதாபம் என்று எண்ணுவது நம் வழக்கம். ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டதும், "என்ன வியாதி? எந்த டாக்டர்? என்ன சொன்னார்?" என்று உரக்க விசாரிக்கின்றோம். வைத்தியசாலையில் வேலை பார்க்கும் உறவினரிடம் ஊர்ச் செய்தி கேட்கின்றோம். பெண் பார்க்கப் போகுமுன் டிரசரின் வீட்டுக்குப் போன பெரியவர்கள் நம்மிலேயே இருந்தார்கள். இன்று எவருடைய எக்ஸ்ரே படத்தையோ கைப்பேசியில் படம் பிடித்து, வேண்டிக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றவர்களும் நம்மவர்களே. முதலாளியிடமிருந்து நம் இரகசியத்தை மீட்க வேண்டுமானால், முதலில் நம் நாவிடமிருந்து பிறர் இரகசியத்தை மீட்க வேண்டும்.

செய்ய வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. தோட்டத்து வைத்தியசாலையில் விசாரிக்கும் அறைக்கு ஒரு கதவு வேண்டும். அது மூடப்பட வேண்டும். காத்திருப்போர் முன்னிலையில் நோயின் பெயரைக் கூவலாகாது. நோயாளியின் புத்தகமும் கணினியும் வைத்தியத்தில் ஈடுபட்டவர் கைக்கு மட்டுமே எட்ட வேண்டும். ஆபீஸ் மேசைக்கு வரலாகாது. விடுப்புச் சீட்டில் நாட்கள் இருக்கட்டும், நோய் வேண்டாம். பெண்களைப் பரீட்சிக்கும்பொழுது அவர்கள் விரும்பும் ஒரு பெண் துணையிருக்க வேண்டும். நேபாளத்தவனுக்கும் வங்காளத்தவனுக்கும் மொழிபெயர்க்க அவனுடைய மேஸ்திரியையே அழைத்து நிறுத்துவது கூடாது. எவனுக்கு அஞ்சி நோயை மறைக்கின்றானோ, அவன் வாயாலேயே அதனைச் சொல்லச் செய்வது வைத்தியமாகாது. இவற்றையெல்லாம் கேட்பது சலுகையன்று, உரிமை என்பதைத் தொழிற்சங்கத்தார் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூலிக்காக மனிதன் விற்பது தன் உழைப்பை. பறித்த கொழுந்தை நிறுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை தோட்டத்துக்கு உண்டு. பறித்த கை ஏன் நடுங்கியது என்னும் செய்தி அக்கூடையில் சேர்ந்ததன்று. நம் பாட்டிமார் அச்செய்தியைக் காக்க வழியின்றி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார்கள். அவர்கள் நின்ற சரிவில் இன்று வேறு மொழி பேசும் ஒருத்தி அவ்வாறே இருமிக்கொண்டிருக்கக்கூடும். அவள் கதவை மூடிக்கொண்டு வைத்தியரிடம் பேசும் நாள் வருமானால், அன்றைக்கே நம் பாட்டியின் கடனும் தீர்ந்ததாகக் கொள்வோம்.